அன்னதானத் தொண்டர் அணி

மைதானத்தில் நின்ற தண்ணீரை வெளியே விடத்தான் ஜெயந்தன் மண்வெட்டியால் வரம்பை வெட்டினான். தண்ணீர் வெளியே போகவில்லை. பக்கத்து வயலில் நின்ற தண்ணீரும் உள்ளே வந்துவிட்டது.

வயலின் சொந்தக்காரர் ஐயாத்துரை குடையைப் பிடித்தபடி அந்தக் காட்சியை ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ நல்லாயிருப்பாய் தம்பி. மூண்டு நாளா இந்தத் தண்ணியை எங்கால வடிய விடுறதெண்டு தெரியாமல் முழிச்சுக்கொண்டு திரிஞ்சனான். இன்னும் எப்பன் ஆழமா வெட்டிவிடன்.”

“அண்ணை, இண்டைக்குப் பின்னேரம் இதில மட்ச்.”

“இதிலயோ? நீச்சலோ?”

“றகர்.”

ஐயாத்துரை குடையைச் சற்றுச் சரித்து மைதானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜெயந்தனைப் பார்த்தார். குடையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

நெடுங்கேணிக்கு றகர் என்ற ரக்பி ஆட்டம் வந்ததற்கு முழுக் காரணமும் ஜெயந்தன்தான். கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் விளையாடிப் பழகியவன். ஊருக்குத் திரும்பி உழவு இயந்திரப் பாகங்கள் விற்கும் கடை போட்டபோது, பெட்டிகளோடு பெட்டியாக ஒரு நீள்வட்டப் பந்தும் வந்து இறங்கியது. முதல் வருடம் அதை எல்லோரும் பூசணிக்காய் என்று சிரித்தார்கள். இப்போது மேசன்மார், மீன் விற்கும் அண்ணன் தம்பி, சலூன்காரர், லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஓடுபவர்கள் என்று ஒரு அணியே சேர்ந்துவிட்டது. ஒருவருக்கும் ஒரு சதம் கிடையாது. முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெய்கூட அவரவர் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். ஆனாலும் மழையோ வெயிலோ, ஞாயிறு பின்னேரம் வந்துவிடுவார்கள்.

அந்த மைதானத்துக்குத்தான் இப்போது ஆபத்து. அதைச் சீமெந்து போட்டு நெல் காயவிடும் தளமாக்க வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் பேச்சு எழுந்திருந்தது. பேசியவர்களிலும் பிழையில்லை. றோட்டில் நெல்லைக் காயவிட்டு, வாகனத்துக்கு வாகனம் ஓடி ஓடி ஒதுக்குகிறவர்களின் பாடு ஜெயந்தனுக்கும் தெரியும். ஆனாலும் மனம் கேட்கவில்லை. கொழும்பில் இருந்த ஒரு றகர் சங்கத்துக்கு எழுதிப் போட்டான். அங்கிருந்து குலசிங்கம் என்ற அதிகாரி நேரில் வருவதாகச் சொன்னார். இரண்டு அணிகள் ஒரு முழு ஆட்டம் ஆடுவதை அவர் தன் கண்ணால் பார்த்தால் மைதானத்தைச் சங்கத்தில் பதிவார்கள். பதிந்துவிட்டால் ஒருவரும் அதில் கைவைக்க முடியாது.

அவர் வரும் நாள்தான் இன்று. மழையும் அதே நாளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது.

வரம்பு வெட்டிய யோசனை பிழைத்ததும் ஜெயந்தனுக்கு அடுத்த யோசனை வந்தது. உமி. அரிசி ஆலையில் மலைபோலக் குவிந்து கிடக்கும் உமியைக் கொட்டினால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று கணக்குப் போட்டான். ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறைய உமி வந்தது. மீன்காரச் சகோதரர்கள் இருவரும் கடகம் கடகமாக அள்ளி விசிறினார்கள்.

உமி ஈரத்தை உறிஞ்சவில்லை, மிதந்தது. சற்று நேரத்தில் மைதானம் முழுவதும் கஞ்சி காய்ச்சி ஆறவிட்டதுபோல் இருந்தது. ஐயாத்துரையின் தாரா வாத்துகள் வரிசையாக வந்து இறங்கி அந்தக் கஞ்சியைக் கிண்டத் தொடங்கின.

இருந்தாலும் ஒரு பக்கத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை. பொன்னிறமாக உமி மட்டுமே தெரிந்தது. ஜெயந்தன் அந்தப் பக்கத்தில் நின்று போனில் ஒரு படம் எடுத்து, ‘கிறவுண்ட் ரெடி’ என்று எழுதி, விளையாட வரவேண்டிய வவுனியா அணித் தலைவருக்கு அனுப்பிவைத்தான்.

உடனே அழைப்பு வந்தது.

“அண்ணை, படம் பார்த்தம்.”

“எப்பிடி? காய்ஞ்சு போச்சுத்தானே?”

“ஓம் அண்ணை. நடுவில தாரா ஒண்டு நீந்துது.”

ஜெயந்தன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நீந்தத்தான் செய்தது. பின்னால் குஞ்சுகளும் வந்தன.

“குறை நினைக்காதேங்கோ அண்ணை. எங்கட ரெண்டு பெடியளுக்கு வாற கிழமை கலியாணம். மாரி முடிய வாறம்.”

போன் வைக்கப்பட்டது. ஜெயந்தன் வரம்பிலே குந்திவிட்டான். அதிகாரி ஏற்கெனவே கொழும்பிலிருந்து புறப்பட்டிருப்பார். மைதானம் இருக்கிறது, பந்து இருக்கிறது, அணி ஒன்றும் இருக்கிறது. எதிரணிதான் இல்லை.

அப்போதுதான் சதீஸின் ஞாபகம் வந்தது. சதீஸ் நெளுக்குளத்தில் வான் ஓட்டுகிறவன். முடியாது என்ற சொல்லை வாழ்க்கையில் ஒருமுறையும் சொல்லாதவன். அதனால் பல பேருக்குப் பல கஷ்டங்கள் வந்ததுண்டு. அதையெல்லாம் நினைத்துப் பார்க்க ஜெயந்தனுக்கு நேரமிருக்கவில்லை.

“சதீஸ், எனக்குப் பதினைஞ்சு ஆம்பிளையள் வேணும். இண்டைக்கு.”

“எப்படிப்பட்ட ஆளுங்க அண்ணே?”

“நல்ல உடம்பு இருக்கோணும். ஓடோணும், தூக்கோணும், தள்ளோணும். சொல்லுறதைக் கேக்கோணும்.”

“அவ்வளவுதானே? கூட்டிக்கிட்டு வாறேன்.”

“டேய், விசயத்தை விளங்கப்படுத்திக் கூட்டிக்கொண்டு வா. சேத்துக்குள்ள விழுந்து எழும்பிற வேலை. என்னெண்டு வருவாங்கள்?”

“அதெல்லாம் நான் பேசிக்கிறேன் அண்ணே. நீங்க கவலைப்படாதீங்க. சாப்பாடு மட்டும் போட்டுருங்க.”

சாப்பாடு என்றதும்தான் உடுப்பு ஞாபகம் வந்தது. வருகிறவர்களுக்கு ஒரே மாதிரி ரீசேட் வேண்டும். ஜெயந்தன் வீட்டுக்கு ஓடினான்.

மனைவி ஜெயரூபி குசினியில் இரண்டு அணிக்குமாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊர் அம்மன் கோயில் மாதர் சங்கத்தின் பொருளாளர். திருவிழாவில் அன்னதானம் பரிமாறுகிறவர்களுக்கென்று அடித்த மஞ்சள் ரீசேட்டுகள் அவளுடைய அலுமாரியில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

“ரூபி, அந்த மஞ்சள் ரீசேட்டுகளை ஒருக்கால் தாரும்.”

“என்னத்துக்கு?”

“வாற ரீமுக்கு உடுப்பில்லை.”

அவள் அகப்பையோடு திரும்பினாள். “இஞ்சருங்கோ, அது கோயில் உடுப்பு. ஒரு பொட்டுச் சேறு பட்டாலும் நான்தான் சங்கத்துக்குப் பதில் சொல்லோணும்.”

“சேறோ? கிறவுண்ட் எப்பவோ காய்ஞ்சு போச்சு. உமி போட்டிருக்கு.”

அவள் அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். முழங்கால் வரை சேறு அப்பியிருந்தது. அதன்மேல் உமி ஒட்டி, புதிதாக இறகு முளைத்தவன்போல் நின்றான்.

“காய்ஞ்சு போச்சு,” என்றாள் அவள்.

“அநேகமா,” என்றான் அவன்.

கலியாணம் கட்டிய நாள் முதல் அவனுக்கு இந்தப் பந்தில் இருக்கும் பைத்தியம் அவளுக்குத் தெரியும். மைதானம் போய்விட்டால் அந்த மனிதன் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வான் என்பதையும் அவள் யோசித்திருக்கிறாள். அகப்பையை வைத்துவிட்டுப் போய் அலுமாரியைத் திறந்தாள்.

மத்தியானம் கழிந்து சதீஸின் வான் வந்து நின்றது. இறங்கியவர்களைக் கண்டு ஜெயந்தன் திகைத்துப் போனான். எல்லோரும் முகம் வழித்து, தலையைப் படிய வாரி, மடிப்புக் கலையாமல் மினுக்கிய நீளக் காற்சட்டையும் சப்பாத்துமாக வந்திருந்தார்கள். சேற்றில் கால்வைக்காமல் கல்லுக்குக் கல் தாவி வந்து வரிசையாக நின்றார்கள்.

“வணக்கம் சேர்,” என்றார்கள் ஒன்றாக.

ஜெயந்தனை இதுவரை ஒருவரும் சேர் என்று கூப்பிட்டதில்லை. அவனுக்கு உச்சி குளிர்ந்தது. கொழும்பிலிருந்து பெரியவர் வருகிறார் என்று சொல்லி, மரியாதையாக உடுத்தி வரச் சொல்லியிருக்கிறான் சதீஸ். கெட்டிக்காரன்.

“எப்பிடியடா சம்மதிக்க வைச்சனீ?” என்று சதீஸின் காதுக்குள் கேட்டான்.

“வாய் இருக்குத்தானே அண்ணே,” என்றான் சதீஸ். “எனக்கு ஒரு ஹயர் இருக்கு. பொழுதுபட வாறேன்.” அடுத்த நிமிடம் வான் மறைந்துவிட்டது.

வந்தவர்களுக்குத் தலைவன்போல் இருந்தவன் சுமன். முப்பது வயதிருக்கும். கதவளவு முதுகு. ஜெயந்தன் எல்லோருக்கும் மஞ்சள் ரீசேட்டைக் கொடுத்து விதிகளைச் சொன்னான். பந்தைப் பின்னுக்குத்தான் எறியலாம், முன்னுக்கு எறியக்கூடாது. பந்து வைத்திருப்பவனைப் பிடித்து விழுத்தலாம். கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிலத்தில் வைத்தால் புள்ளி.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் ‘இது என்ன விசர் விளையாட்டு’ என்று கேட்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் இருப்பவர்கள் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“சேர், ஒரு சந்தேகம்,” என்றான் சுமன். “எத்தனை பேரை விழுத்தினால் நல்லது?”

“ஏலுமான அளவு விழுத்துங்கோ.”

“பந்தில்லாதவனை?”

“அது பிழை.”

“நல்லது சேர்.” பின்னால் திரும்பி மற்றவர்களிடம், “கவனம். பிழை விட்டால் புள்ளி குறைப்பினமாம்,” என்றான்.

குலசிங்கம் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. ஐயாத்துரை வீட்டுக் கதிரை ஒன்று மைதானக் கரையில் போடப்பட்டது. அவர் இருந்ததும் கதிரையின் கால்கள் நாலும் மெதுவாகச் சேற்றுக்குள் இறங்கின. மஞ்சள் அணியின் முதுகுகளை அவர் உற்றுப் பார்த்தார்.

“அன்னதானத் தொண்டர் எண்டு போட்டிருக்கு. இது என்ன பேர்?”

“கழகத்தின்ர பேர் சேர்,” என்றான் ஜெயந்தன். “எதிரணிக்கு வயிறு நிறையக் குடுப்பினம் எண்டு அர்த்தம்.”

“நல்ல பேர். கனகாலமா விளையாடுகினமோ?”

“புதுசு சேர். இண்டைக்குத்தான் எங்களோட சேர்ந்தவை.”

அவ்வளவும் உண்மை என்று தன் மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொண்டான்.

நடுவர் வீரபாகு. உதைபந்தாட்டத்தில் ஓய்வுபெற்றவர். றகர் விதிகளைக் காலையில்தான் பாடமாக்கியிருந்தார். அவர் விசில் ஊதினார், ஆட்டம் தொடங்கியது. முதல் மோதலிலேயே விசில் தெறித்துச் சேற்றுக்குள் போய்விட்டது. அதன் பிறகு ஆட்டத்தை நிறுத்த வேண்டிய நேரமெல்லாம் இரு கையையும் தூக்கி, “பீப்! பீப்!” என்று கத்தினார்.

மஞ்சள் அணி சும்மா பேருக்கு ஓடி, பவ்வியமாகத் தோற்றுவிட்டுப் போகும் என்பதுதான் ஜெயந்தனின் எண்ணம். நடந்தது வேறு. அவர்கள் விளையாடிய விளையாட்டை அவன் கொழும்பில்கூடக் கண்டதில்லை. விழுந்தவன் விழுந்த இடத்தில் கிடக்கவில்லை. மேசன்மாரைக் கல் அடுக்குவதுபோல் தூக்கி வைத்தார்கள். சலூன்காரர் பந்தைக் கையில் எடுத்ததும் நாலு பேர் வந்தார்கள். அவர் பந்தைக் கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார்.

இதிலும் ஒரு புதினம் இருந்தது. வினோதன் என்றொருவன், ஆளை விழுத்தும் ஒவ்வொரு முறையும் எழும்பி நின்று, குலசிங்கம் இருந்த பக்கம் திரும்பி, “வினோதன் சேர்! நெளுக்குளம் வினோதன்!” என்று கத்தினான். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் தங்கள் பெயரைக் கத்தத் தொடங்கினார்கள்.

“தன்னம்பிக்கை!” என்று குலசிங்கம் தொடையில் தட்டினார். கதிரை இன்னும் ஒரு சாண் இறங்கியது.

பத்து நிமிடத்தில் ஜெயந்தன் அணியின் நீலமுமில்லை, வந்தவர்களின் மஞ்சளுமில்லை. எல்லோரும் சேற்று நிறம். ஜெயந்தன் பக்கத்தில் ஓடிவந்த மீன்காரத் தம்பிக்குப் பந்தைக் கொடுத்தான். “நன்றி சேர்,” என்று வாங்கிக்கொண்டு ஓடியது சுமன். அவனைப் பிடிக்கப் பாய்ந்த ஜெயந்தனைப் பின்னாலிருந்து ஒருவன் கட்டிப் பிடித்து முகம் குப்புறப் போட்டான். எழும்பிப் பார்த்தால் மீன்காரத் தம்பி.

“டேய், நானடா!”

“சொல்லிப்போட்டு ஓடுங்கோவன் அண்ணை! வாயில வேற உமி!”

இடைவேளையில் ஜெயந்தனுடைய அணி வரம்பிலே கருவாடு காயவிட்டதுபோல் கிடந்தது. மஞ்சள் அணியோ வரிசையாக நேராக நின்றது. ஒருவனுக்கு முன்பல் உடைந்து இரத்தம் வழிந்தது. ஜெயந்தன் பதறிப்போனான்.

“ஐயோ தம்பி, இரும். ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“ஒண்டுமில்லை சேர்!” என்று அவன் இன்னும் நிமிர்ந்தான். “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சின்னனிலயிருந்தே நல்ல சுகதேகி.”

ஜெயந்தன் சுமனைத் தனியே கூட்டிக்கொண்டு போனான்.

“கொஞ்சம் பார்த்து விளையாடுங்கோ, என்ன? எங்கட ஆக்கள் நாளைக்கு வேலைக்குப் போகோணும்.”

சுமனின் முகம் மாறியது. சேற்றுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் அவனைப் பார்த்தன.

“நாங்களும் போகோணும் சேர்,” என்றான் மெதுவாக. “அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.”

வேலைக்குப் போகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக விட்டுவிட்டுத் தன் மைதானத்துக்காக வந்திருக்கிறார்களே என்று ஜெயந்தன் நினைத்துக்கொண்டான். சுமனின் தோளில் தட்டிக்கொடுத்தான்.

இரண்டாம் பாதியில் புள்ளிக் கணக்கு வீரபாகுவின் விரல்களைத் தாண்டிவிட்டது. கடைசி நிமிடத்தில் சுமனிடம் பந்து வந்தது. மூத்த மேசன் அவன் இடுப்பில் தொங்கினார். மீன்கார அண்ணன் முதுகில் ஏறினான். ஜெயந்தன் பாய்ந்து வலது காலைப் பிடித்தான். சுமன் நிற்கவில்லை. மூவரையும் இழுத்துக்கொண்டு, ஒரு காலை எடுத்து வைப்பதும், மூச்சு வாங்குவதும், மற்றக் காலை எடுத்து வைப்பதுமாகப் போனான். சேறும் உமியும் ஜெயந்தனின் சட்டைக்குள் புகுந்து வெளியே வந்தன. அவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இழுபட்டுப் போனான். இந்த மைதானத்தில் இப்படியொரு ஆட்டம் நடக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. ஊர்ச் சனம் வரம்பெல்லாம் நின்று கூவியது. தளம் போடவேண்டும் என்று கூட்டத்தில் முதலில் பேசிய ஐயாத்துரை குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, “விடாதை! விடாதை!” என்று கத்தினார். யாருக்குக் கத்துகிறார் என்பது அவருக்கே தெரியாது.

சுமன் கோட்டைத் தாண்டி விழுந்தான். “பீப்!” என்றார் வீரபாகு. ஆட்டம் முடிந்தது.

குலசிங்கம் எழும்பினார். கதிரை எழும்பவில்லை. வெள்ளைச் சப்பாத்தைப் பற்றி யோசிக்காமல் மைதானத்துக்குள் இறங்கி, கணுக்கால் புதைய நடந்து வந்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“ஜெயந்தன், நான் எத்தனையோ ஆட்டம் பார்த்தனான். காசு வாங்கி விளையாடுறவையும் பார்த்தனான். ஒரு சதமும் வாங்காமல் இப்பிடி உயிரைக் குடுத்து விளையாடுற ஆக்களை இண்டைக்குத்தான் பார்க்கிறன். கிறவுண்டைப் பற்றி நீர் இனி யோசிக்க வேண்டாம். நாளைக்கே பதியிறன்.”

மஞ்சள் அணிக்குக் கைகொடுக்கப் போனார். ஒவ்வொருவனும் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, பெயரும் வயதும் சொன்னான். பல்லுடைந்தவன் மட்டும் கையை விடாமல், “சேர், எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்,” என்றான்.

“சந்தோசம். அவையும் றகர் விளையாடட்டும்!” என்று குலசிங்கம் அவன் முதுகில் தட்டினார்.

கார் புறப்பட்டது. அது வளைவில் மறையும்வரை மஞ்சள் அணி அசையாமல் நின்று கைகாட்டியது.

ஜெயரூபி சோற்றுப் பானையோடு வந்தாள். ரீசேட்டுகளைத் தேடினாள். கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஒரு முதுகிலிருந்த சேற்றை விரலால் வழித்துப் பார்த்தாள். ‘அன்ன’ என்ற மூன்று எழுத்துத் தெரிந்தது.

“காய்ஞ்சு போச்சு,” என்றாள்.

“ரூபி, எல்லாத்தையும் நானே தோய்ச்சுத் தாறன். கிறவுண்ட் எங்களுக்குத்தான்!”

அவள் கோபிக்க முயன்றாள், முடியவில்லை. உமியும் சேறுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த மனிதனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “முதல்ல அந்தப் பிள்ளையளுக்குச் சோத்தைப் போடுங்கோ,” என்றாள்.

காலையிலிருந்து செய்ததெல்லாம் பிழைத்து, கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது. ஜெயந்தனுக்கு இந்த உலகத்தில் யார்மேலும் ஒரு குறையும் இருக்கவில்லை. சதீஸைக் கண்டால் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. வாழையிலைகளை எடுத்துக்கொண்டு மஞ்சள் அணியிடம் போனான்.

அவர்கள் சாப்பிட உட்காரவில்லை. குழாயடியில் முகம் கழுவி, தலை வாரி, மத்தியானம் வந்திறங்கியபோது நின்றதுபோலவே வரிசையாக நின்றார்கள். சுமன் ஒரு அடி முன்னால் வந்தான். வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, மிகப் பணிவாகக் கேட்டான்:

“சதீஸ் அண்ணை சொன்ன அந்தச் செக்கியூரிட்டி வேலைக்கு, எங்களில எத்தனை பேர் பாஸ் சேர்?”